மூன்றாம் குளத்துப் பச்சைக்காலி

மூன்றாம் குளத்தை வடித்துவிட்டால் முதல் நாள் நாற்றம் வரும். இரண்டாம் நாள் பறவைகள் வரும்.

நகரத்தின் கழிவுநீர் எல்லாம் வந்து தெளிகிற நிலையம் அது. வரிசையாக ஐந்து குளங்கள். கடலுக்கு மூன்று கிலோமீட்டர்தான் என்பதால் கடற்கரைச் சேற்றில் மேய்கிற உள்ளான்கள் அலை ஏறும் நேரத்தில் இங்கே ஒதுங்கும். இந்த முறை குளத்தின் கரைச் சுவரில் விரிசல் விட்டிருந்தது. தண்ணீரை இறக்கிவிட்டுப் பன்னிரண்டு நாள் கொத்துவேலை நடந்தது. வேலை முடிந்து, சுவர் காய்ந்து, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி தண்ணீர் விடுவதாக ஏற்பாடு. அதுவரை குளம் நிறையச் சேறு.

செவ்வாய்க்கிழமை மதியம் தையல்காரி தன் புருஷனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் அந்த நிலையத்தில் வால்வு திறப்பவர். இருபத்திரண்டு வருடமாக அதே இரும்புச் சக்கரங்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். குடியிருப்பு வேலிக்கு வெளியிலேயே இருந்ததால் சாப்பாட்டை அவள் சூடாகவே கொண்டு வந்துவிடுவாள். அன்று பம்ப் அறையில் ஏதோ அடைப்பு, அவர் வர நேரமானது. பாத்திரப் பையை மடியில் வைத்துக்கொண்டு கரைமேல் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பறவைமேல் தனி ஆசை எதுவும் கிடையாது. ஆனால் தைக்கிறவளின் கண் சும்மா இருக்காது. தெருவில் போகிற ஆளைப் பார்த்தால் எந்தத் தோள் இறக்கம் என்றுதான் முதலில் பார்க்கும். சேற்றில் இரண்டு பறவைகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. ஒன்று அவளுக்குத் தெரிந்ததுதான். ஒரு காலத்தில் வீட்டில் வாரம் ஏழு நாளும் பேசப்பட்ட பச்சைக்கால் உள்ளான். மற்றதும் அதே துணிதான், ஆனால் வெட்டு வேறு. கழுத்து குட்டை. தலை பெரிது. மூக்கு அடியில் தடித்து, நுனி லேசாக மேலே வளைந்திருந்தது. கால் மட்டும் யாரோ கால்சட்டையைத் தப்பாக அளந்துவிட்ட மாதிரி மேல்பாகம் குறைந்திருந்தது.

அவர் வந்தார், சாப்பிட்டார், கை கழுவினார். அவள் எதுவும் சொல்லவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்த நாத்தனாரிடம் சொன்னாள்.

நாத்தனார் ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அண்ணி, இதை அண்ணன் காதுல போடாதீங்க. இப்பத்தான் ஒரு வழியா மறந்திருக்காரு," என்றாள்.

"எங்க மறந்தாரு? பேசறதைத்தான் மறந்தாரு."

நாத்தனார் அடுத்த துளைக்கு நூல் கோத்தாள்.

நடந்தது மூன்று வருடத்துக்கு முன். இதே மூன்றாம் குளத்தில் ஒரு பச்சைக்காலிக்கு மஞ்சள் கால் இருப்பதை அவர் பார்த்தார். மஞ்சள் கால் என்றால் அது புள்ளிப் பச்சைக்காலி. உலகம் முழுக்க எண்ணினாலும் இரண்டாயிரத்தைத் தாண்டாது என்று சொல்லப்படுகிற பறவை. அந்தக் கடற்கரையின் பறவைப் பட்டியலிலேயே அது கிடையாது. அவர் படம் எடுத்துப் பறவை பார்ப்பவர்களுக்கு அனுப்பினார். மறுநாளே வெளியூர்களிலிருந்து பதினான்கு பேர் கார்களில் வந்து இறங்கினார்கள். ஆளுயரக் கருவிகளை முக்காலிகளில் நிறுத்தினார்கள். அவள் அத்தனை பேருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். இரண்டு நாள் கொண்டாட்டம். மூன்றாம் நாள் அந்தப் பறவை பக்கத்திலிருந்த நல்ல தண்ணீர்க் குளத்துக்குப் போய் நன்றாகக் குளித்தது. வெளியே வந்தபோது கால் பச்சை.

வண்டல் சீக்கிரம் அடியில் படிய வேண்டும் என்று மூன்றாம் குளத்தில் இரும்பு உப்புக் கரைசல் ஊற்றுவார்கள். தொட்டதெல்லாம் மஞ்சளாகும். அவருடைய சீருடையின் கால் மடிப்பில் அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போனதில்லை. துவைக்கிறவள் அவள்தான். கரைசலை ஊற்றுகிறவர் அவர்தான். இரண்டு பேருக்கும் அது அப்போது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

வந்தவர்கள் யாரும் திட்டவில்லை. சிரித்துக்கொண்டே முக்காலிகளை மடக்கினார்கள். ஒருவர் போகும்போது, "அடுத்த தடவை பறவையைத் துவைச்சுட்டுக் கூப்பிடுங்க," என்றார். அது பம்ப் அறைவரை பரவி, அவருக்கு மஞ்சக்கால் என்று பெயராகிவிட்டது. அவர் தொலைநோக்கியையும் கேமராவையும் ஒரு பழைய சட்டையில் சுற்றிப் பரணில் வைத்தார். அதோடு பேச்சும் பரணுக்குப் போய்விட்டது. கோபமெல்லாம் இல்லை. கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் ஒன்றும் வராது. அலையும் காற்றும் எந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பதுமாக வாய் ஓயாத மனிதர், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து உப்பு போதும் என்று மட்டும் சொல்கிறவரானார். அவள் தையல் மெஷினை ஓட்டும்போது வீட்டில் அது ஒன்றுதான் சத்தம் என்று ஆனது.

அன்று சாயங்காலம் அவர் சட்டையை மாற்றிக்கொண்டிருக்கும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள். எனக்கு வேண்டாம் என்றார். சரி என்று துணியை மடிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, முதுகைக் காட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

"கால் என்ன கலரு?"

"மஞ்சள்."

"மஞ்சளாத்தான் இருக்கும். அந்தச் சேத்துல நான் நின்னாலும் என் கால் மஞ்சள்தான்."

"கலரை யாரு கேட்டா? சாயத்தை வச்சு நான் துணி வாங்கமாட்டேன். வெட்டு வேறங்க. பக்கத்துல இன்னொண்ணு நிக்குது, ரெண்டையும் பாத்துதான் சொல்றேன். முழங்காலுக்கு மேல இதுக்கு அரை அளவுதான் இருக்கு."

"அது முழங்கால் இல்ல. கணுக்கால்."

"அப்ப முழங்கால் எங்க?"

"உள்ள. இறகுக்குள்ள."

"நல்லவேளை, அதுங்க யாரும் எங்கிட்ட கால்சட்டை தைக்கக் குடுக்கல."

அவர் சிரித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். அதைக் கவனிக்காமலே சாப்பிட உட்கார்ந்தார்.

புதன்கிழமை அவள் சாப்பாட்டுப் பைக்குள் தொலைநோக்கியை வைத்துக் கொண்டுபோனாள். அவர் பாத்திரத்தை எடுக்கக் கைவிட்டார், கையில் அது வந்தது. கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். கரையோரம் காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. சேற்றில் நாற்பது ஐம்பது பறவைகள். எங்கே என்று கேட்காமலே அவர் கண்டுபிடித்துவிட்டார் என்பது, தொலைநோக்கி ஓரிடத்தில் நின்றதும் அவளுக்குத் தெரிந்தது. சாப்பாடு ஆறியது.

அவர் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் அதன் பெயரை ரொம்ப மெல்லச் சொன்னார். புள்ளிப் பச்சைக்காலி. சொல்லிவிட்டு உடனே, இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு தொலைநோக்கியை அவளிடம் நீட்டினார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எதையாவது பார்த்தால் கண்ணில் பட்டது அத்தனையும் எழுதி முடிக்கிறவரைக்கும் பறவைப் புத்தகத்தைத் திறக்கமாட்டார். புத்தகத்தைப் பார்த்துவிட்டால் அதில் இருப்பதைத்தான் கண் பார்க்கும் என்பார். மூன்று வருடத்துக்கு முன் மஞ்சள் காலைக் கண்ட சந்தோஷத்தில் அந்த ஒரு தடவை மட்டும் புத்தகத்தை முதலில் திறந்துவிட்டார். இப்போது, என் கண்ணை நான் நம்பமாட்டேன், உனக்குப் புத்தகமே தெரியாது, அதனால் நீதான் எழுத வேண்டும் என்றார்.

அவளிடம் இருந்தது வாடிக்கையாளர்களின் அளவு நோட்டு. ஒரு புதுப் பக்கத்தில் தலைப்பு எதுவும் போடாமல் ஆரம்பித்தாள். கழுத்து: குட்டை, பக்கத்தில் நிற்பதைவிட ஒரு பங்கு கம்மி. தோள்: அகலம். மூக்கு: தலையைப் போல ஒன்றேகால் மடங்கு, அடிப்பாகம் வெளிர், நுனி கறுப்பு, இரண்டு துணி ஒட்டுப்போட்ட மாதிரி. கால் மேல்பாகம்: பக்கத்தில் நிற்பதில் பாதி. விரல்களுக்கு நடுவே கொஞ்சம் சவ்வு. நடை: ஓடி, குனிந்து, நண்டைப் பிடித்து உதறுகிறது. கால் நிறம்: மஞ்சள், நம்புவதற்கில்லை.

அவர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

இது போதாது என்றார். நிற்கிற பறவையின் அளவை யார் வேண்டுமானாலும் மறுக்கலாம். சேற்றில் கால் புதைந்திருந்தது, அதனால் குட்டையாகத் தெரிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மறுக்க முடியாதது இரண்டுதான். சிறகைத் தூக்கினால் அடிப்பக்கம் தெரியும். சாதாரணப் பச்சைக்காலிக்கு அங்கே சாம்பல் வரிகள் ஓடும், இதற்குச் சுத்த வெள்ளையாக இருக்கும். அடுத்தது, பறக்கும்போது கால்விரல். சாதாரணத்துக்கு வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், இதற்கு வாலோடு நின்றுவிடும்.

"லைனிங்கைப் பாக்கணும்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

"ஆமா. லைனிங்தான்."

வியாழக்கிழமை விடிந்ததும் இருவரும் பரணிலிருந்து இறக்கிய கேமராவோடு கரையில் இருந்தார்கள். வீட்டில் முப்பத்தாறு பள்ளிச் சீருடைகள் பாதியில் கிடந்தன. நாத்தனார், பள்ளிக்கூடத்துல வந்து கேட்டா அண்ணி சேத்துக்குள்ள போயிட்டாங்கன்னு சொல்லிடறேன் என்று சொல்லித்தான் அனுப்பினாள். சொன்னவளே பின்னாலேயே ஒரு பிளாஸ்க்கில் தேநீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பறவை இருந்தது. மேய்ந்தது. நின்றது. ஒரு காலில் தூங்கியது. இறகைக் கோதியது, ஆனால் சிறகை விரிக்கவில்லை. மணி ஏழு, எட்டு. ஒன்பதே காலுக்கு அவளுக்குப் பொறுமை போனது. கையை ஒரு தட்டு தட்டினா பறந்துடும், படம் எடுத்துக்கலாம் என்றாள்.

அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். "எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து வயித்தை ரொப்பிக்கிட்டு இருக்கு. என் மானத்துக்கு அதை எழுப்பி விடணுமா?"

மானம் என்ற சொல்லை மூன்று வருடத்தில் அன்றுதான் அவர் வாயிலிருந்து கேட்டாள். அதற்குப் பிறகு தட்டுகிற யோசனையை அவள் எடுக்கவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பொறியாளரம்மா தலைக்கவசத்தோடு வந்தார். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகக் கரையில் கேமராவோடு இருப்பதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். தையல்காரி எழுந்து, ஒரு அரை நாள் தள்ளிப் போட முடியுமா மேடம் என்று கேட்டேவிட்டாள். பொறியாளரம்மா வாயைத் திறப்பதற்குள் புருஷனே முந்திக்கொண்டு, முடியாது என்றார். இரண்டாம் குளம் விளிம்புவரை வந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் தண்ணீர் பின்பக்கத் தெருவில் இறங்கும். அங்கே தரையோடு தரையாக அறுபது வீடு.

அப்போதுதான் அவள் அதை யோசித்தாள். வால்வுச் சக்கரம் குளத்தின் மறுமுனையில் இருந்தது. அதைச் சுற்ற இரண்டு கை வேண்டும், அறுபது சுற்று. தண்ணீர் ஏறினால் பறவை எழும்பும். அந்த நேரத்தில் அவர் கையில் கேமரா இருக்காது.

அவர் கேமராவின் வாரைக் கழுத்திலிருந்து கழற்றி அவள் கழுத்தில் போட்டார்.

"எனக்கு இது வராதுங்க."

"இதுதான் அமுக்கறது. விரலை எடுக்காம அமுக்கிக்கிட்டே இரு. பறவைக்குப் பின்னாடி ஓடாத, அது போற பக்கம் முன்னாடியே போய் நில்லு. மெஷின்ல துணி ஓட்டும்போது ஊசியையா பாப்ப?"

"இல்ல. துணி போற கோட்டைப் பாப்பேன்."

"அதேதான்."

அவர் கரைமேல் வேகமாக நடந்துபோனார். பொறியாளரம்மா அவரோடு போகாமல் இவள் பக்கத்திலேயே நின்றுவிட்டார். எந்தப் பறவை என்று கேட்டார். இவள் கையால் காட்டினாள்.

தூரத்தில் சக்கரம் கிறீச்சிட்டது. வழக்கமாக ஒரே மூச்சில் திறப்பவர் அன்று கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்தார். மதகின் வாயில் முதலில் நுரை வந்தது. பிறகு பழுப்பு நாக்கு போலத் தண்ணீர் சேற்றின்மேல் படர்ந்தது. ஓரத்தில் இருந்த சின்ன உள்ளான்கள் கொத்தாக எழும்பி வேறிடத்தில் இறங்கின. தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சாதாரணப் பச்சைக்காலி முதலில் எழும்பி, மூன்று தடவை கூவிக்கொண்டு கடல் பக்கம் போனது. கால்விரல்கள் வாலுக்கு வெளியே குச்சிபோல நீட்டிக்கொண்டிருந்ததை அவள் வெறுங்கண்ணாலேயே பார்த்தாள்.

இன்னொன்று போகவில்லை. தண்ணீர் வயிறு தொடும்வரை நின்றது. கடைசியாக ஒரு நண்டைப் பிடித்து விழுங்கியது. பிறகு எழும்பியது.

அவள் அமுக்கினாள். கேமரா படபடவென்று அடித்துக்கொண்டது. பறவை அவளை நோக்கியே வந்து, கரைக்கு முன்னால் திரும்பி, ஒரு கணம் வெயிலுக்குச் சாய்ந்தது. கட்டைக் குரலில் ஒரே ஒரு தடவை கத்தியது. அவள் பறவையைப் பார்க்கவில்லை. அது போகப்போகிற கோட்டைப் பார்த்தாள். வானம், வானம், வேலி, வானம்.

அது போய்விட்டது. விரலை எடுக்க மறந்து, அவள் வெறும் வானத்தை இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பொறியாளரம்மாதான் அவள் கையைத் தொட்டு, போச்சும்மா, விடுங்க என்றார்.

மறுகரையில் அவர் மிச்சச் சுற்றுகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். அறுபதும் முடிந்து சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் வந்தார். வந்தவர் கேமராவை வாங்கினார். மொத்தம் நாற்பத்தெட்டுப் படம். முப்பத்தொன்றில் வானம். ஆறில் வேலிக்கம்பி. ஒன்றில் பொறியாளரம்மாவின் தலைக்கவசம். ஏழில் கலங்கிய சாம்பல். மிச்சம் மூன்று.

முதல் படத்தில் வால் தெரிந்தது, கால்விரல்கள் அதோடு முடிந்திருந்தன. மற்ற இரண்டிலும் பறவை சாய்ந்திருந்தது. சிறகின் அடிப்பக்கம் சலவையிலிருந்து அப்போதுதான் வந்த துணிபோல, ஒரு கோடுகூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது.

அவர் அந்தச் சின்னத் திரையைக் கையால் வெயிலுக்கு மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பொறியாளரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, நானும் பாத்தேன்னு எழுதணும்னா எழுதிக்கோங்க என்று சொல்லிப் பம்ப் அறைப் பக்கம் நடந்தார்.

படம் கிடைத்தும் அவர் எழுதவில்லை. வெள்ளி போனது, சனி போனது. பதிவுப் படிவம் மேஜைமேல் வெறுமையாகக் கிடந்தது. பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு பல் டாக்டர். போன தடவை வந்த பதினான்கு பேரில் அவரும் ஒருவர். என் பெயரைப் பார்த்ததுமே மூடி வைத்துவிடுவார் என்றார் இவர். பொறியாளரம்மா பெயரில் அனுப்பலாமா என்றுகூட யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"தப்பாத் தச்ச சட்டையை என்ன பண்ணுவேன் தெரியுமா? ஒளிச்சு வைக்கமாட்டேன். பிரிப்பேன். எங்க தப்பாச்சுன்னு பிரிக்கும்போதுதான் தெரியும். முதல்ல அதை எழுதுங்க."

"எதை?"

"போன தடவை செஞ்ச தப்பை. அவங்களுக்கு அது ஜோக்கு. உங்களுக்குத்தானே அது எப்படி ஆச்சுன்னு தெரியும். அந்தச் சேத்தைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

அவர் பேனாவின் மூடியைத் திறந்து, மூடி, திறந்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். மூன்று வருடங்களுக்கு முன் இதே குளத்தில் நான் ஒரு தவறான பதிவு கொடுத்தேன் என்று முதல் வரி. இரும்பு உப்பு எந்த அளவு ஊற்றப்படுகிறது, கால் தோலில் எத்தனை நாளில் ஏறுகிறது, நல்ல தண்ணீரில் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது, ஆகையால் இந்தக் குளத்தில் எந்தப் பறவையின் கால் நிறத்தையும் ஆதாரமாகக் கொள்ளக்கூடாது என்று ஒரு பக்கம். அதன் பிறகுதான் சிறகு, விரல், குரல். அவள் அளவு நோட்டுப் பக்கத்தையும் அப்படியே படம் பிடித்துச் சேர்த்தார். பார்த்தவர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர் எழுதினார். முதலில் கண்டவர் என்ற இடத்தில் அவள் பெயர். அவள் வேண்டாம் என்றதை அவர் காதில் வாங்கவில்லை.

நாற்பது நாளைக்குமேல் ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் பல் டாக்டர் மட்டும் போனில் கூப்பிட்டார். அளவு நோட்டில் மூக்கு ஒன்றேகால் என்று இருக்கிறதே, எதை வைத்து அளந்தது என்று கேட்டார். கண்ணை வைச்சு என்றாள் அவள். எத்தனை வருஷமா அளக்கறீங்க என்றார். பதினெட்டு என்றாள். சரி என்று வைத்துவிட்டார். வரப்போகிற பதில் நல்லதா கெட்டதா என்று அந்தச் சரியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

பதில் ஒரு மழை நாளில் வந்தது. ஏற்கப்பட்டது, இந்தக் கடற்கரைக்கு முதல் பதிவு. கீழே இன்னொரு வரி: குளத்தின் கறை பற்றிய குறிப்பைத் தனிக் கட்டுரையாக எழுதித் தர முடியுமா, மற்ற நிலையங்களிலிருந்து வந்த பழைய பதிவுகள் சிலவற்றை அதைவைத்துத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் அதை நாத்தனாருக்குப் படித்துக் காட்டினார். தையல்காரிக்குப் படித்துக் காட்டினார். குடையை எடுத்துக்கொண்டு பம்ப் அறைக்கும் போய்ப் படித்துக் காட்டிவிட்டு நனைந்து வந்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது ஆரம்பித்தது. அந்தப் பறவை முட்டையிடப் போகிற இடம் வடக்கே எத்தனை தூரம் என்பதில் தொடங்கினார். உள்ளான் இனத்தில் பெரும்பாலானவை தரையில் முட்டையிடும், இது மட்டும் மரத்தில் ஏறிப் பாசியால் கூடு கட்டும் என்றார். நடுவில் எந்தெந்தக் கரையில் இறங்கும், எந்தக் காற்றில் கிளம்பும், குஞ்சு மரத்திலிருந்து எப்படி இறங்கும் என்று போய்க்கொண்டே இருந்தார். சோற்றைப் பிசைந்த கை தட்டிலேயே நின்றது. நாத்தனார் தட்டை அவர் பக்கம் ஒரு தடவை நகர்த்தி வைத்தாள். அவர் அதை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் விரலால் ஒரு கடற்கரை வரைந்தார்.

தையல்காரி கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் கொடுக்க வேண்டிய உருப்படிகள் உள்ளே குவிந்து கிடந்தன. மெஷினுக்கு எண்ணெய்கூடப் போடவில்லை.

"கொஞ்சம் வாயை மூடிச் சாப்பிடுங்க," என்றாள் கடைசியில். "மிச்சத்தை நாளைக்குச் சொல்லலாம்."

"நாளைக்கு வேற விஷயம் இருக்கு," என்றார் அவர்.